பருத்தி தின்னும் பூச்சி

செர்னோவெத்ஸ் பஸ் நிலையச் சுவரில் ரங்கெலை இன்றும் யாரோ கிழித்திருந்தார்கள்.

மற்ற இறந்தவர்களெல்லாம் கறுப்புக் கட்டம் போட்ட தாளில், புகைப்படத்தோடு, வரிசையாகப் பத்திரமாக இருந்தார்கள். போன வருஷம் போய்ச் சேர்ந்த பல் டாக்டர்கூட மழையில் வெளுத்தாலும் முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ரங்கெலுக்கு மட்டும் நெற்றியும் ஒரு கண்ணும்தான் மிச்சம்.

"இந்தப் பல் டாக்டர் எனக்குத் தப்பான பல்லைப் புடுங்கினவர் மேடம். அவரை நான் கிழிச்சேனா?" என்றான் ஸ்பாஸ்.

நேதா கிழிந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து, மூன்று முதலாளிகளை ஜெயிலுக்கு அனுப்பி, நான்காமவரால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவள். இப்போது வாடகைக்குத் துப்பறிகிறாள். ஸ்பாஸ் அவளுடைய டிரைவர், குமாஸ்தா, எடுபிடி, எல்லாம். சம்பளம் ஒழுங்காக வராத குறையைப் பேசித் தீர்த்துக்கொள்கிறவன்.

ரங்கெலைக் கிழிக்க ஊருக்குக் காரணம் இருந்தது. பிப்ரவரியில், திராட்சைக் கொடி நறுக்கும் த்ரிஃபோன் திருநாளன்று, ஊரே தோட்டத்தில் ஒயினும் பாட்டுமாக இருந்த மத்தியானத்தில், திராவக ஆலையின் அழுக்குத் திராவகம் லெஷ்னா ஆற்றில் இறங்கியது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. கீழே தோல்னா கிராமத்தில் ஒயின் பீப்பாயை ஆற்றில் அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கையிலும் தோல் போய்விட்டது. அன்றைக்கு ஆலையில் காவல் இருந்த ஒரே ஆள் ரங்கெல். வடிகால் குழிக்குள் பிணமாகக் கிடந்தார். பக்கத்தில் ஒரு ரக்கியா சாராய பாட்டில். குடிவெறியில் வால்வைத் திறந்துவிட்டுத் தானும் விழுந்து செத்தான் என்று போலீஸ் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டது.

நாளைக்கு நாற்பதாம் நாள். கோதுமை அவித்து, சர்க்கரை தூவி, கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கொடுக்க வேண்டும். கை நீட்டி வாங்க ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பது ரங்கெலின் மனைவி ஸ்லாத்காவுக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால் நேதாவைத் தேடி வந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாற்பதுக்குள் என் புருஷன் பேரில் இருக்கிற அழுக்கைத் துடைத்துக் கொடுங்கள்.

கிழிந்த தாளின் மேல் புதுத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். ஸ்லாத்காவின் தம்பி மெத்தோடி. ஆலையில் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். முப்பத்தைந்து வயசு இருக்கும், கண்ணுக்குக் கீழே ஐம்பது வயசுக் கறுப்பு. அவர்களைப் பார்த்ததும் பசைத் தூரிகையை வாளியில் போட்டான். தினமும் காலையில் ஊரை ஒரு சுற்று சுற்றி, கிழிந்த இடத்திலெல்லாம் அத்தானை ஒட்டிவிட்டுத்தான் வண்டி எடுக்கிறானாம். அக்காவால் இதைப் பார்க்க முடியாது, அதனால் தானே செய்வதாகச் சொன்னான். திருநாளன்று அவனுக்கு லீவு, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தானாம். கேட்காமலே சொன்னான்.

"நல்ல தம்பி" என்றான் ஸ்பாஸ், அவன் போனபிறகு. "என் தம்பியா இருந்தா என் போட்டோவுக்கு மீசை வரைஞ்சிருப்பான்."

ஆலை ஊருக்கு வெளியே, வேலிக்கு அப்பால். வாசலிலேயே தொண்டை கரகரத்தது. கம்பி ஆலையில் இரும்புக் கம்பியின் துருவைக் கழுவிக் கழுவி அழுக்கான கந்தகத் திராவகம் டேங்கரில் இங்கே வந்து சேரும். அதைக் குளிரவைத்தால் இரும்பெல்லாம் பச்சை உப்பாகப் படியும். அன்னபேதிதான், வேறொன்றுமில்லை. தெளிந்த திராவகம் மறுபடி கம்பி ஆலைக்கே போகும். குளிர்விக்கிற இயந்திரம் ஓடினால் ஆலை ஓடுகிறது. அது நின்றால் இது வெறும் விஷக்கிடங்கு.

மேலாளர் கர்ஜிலோவ் கோட்டில் ஒரு சுருக்கமும் இல்லாமல் வந்தார். விபத்துக்குப் பிறகு இரண்டே நாள்தான் மூடியிருந்தோம், அப்புறம் ஒரு நாள்கூட ஓட்டம் நிற்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். உள்ளே மோட்டார் சத்தம் காதை அடைத்தது. தொட்டிகளுக்கு நடுவே இரண்டு பேர் தடிக் கம்பளி ஸ்வெட்டரும் கம்பளிக் கால்சட்டையுமாகத் திரிந்தார்கள். வெளியே மார்ச் வெயில்.

"உங்க ஆளுங்க ஏன் சார் செம்மறி ஆடு மாதிரி இருக்காங்க?" என்று ஸ்பாஸ் கேட்டான்.

கர்ஜிலோவுக்கு அந்தக் கேள்வியே அலுப்பாக இருந்தது. திராவகத்துக்குப் பருத்தி ஆகாது, ஒரு சொட்டுப் பட்டாலும் துவைக்கிறபோது ஓட்டை விழுந்துவிடும், கம்பளியை அது ஒன்றும் செய்யாது, தொட்டிக்காரர்கள் தலைமுறையாக அப்படித்தான் உடுத்துகிறார்கள் என்றார். டிரைவர்களுக்கு மட்டும் கம்பெனியின் நீலப் பருத்தி உடுப்பு. அவர்கள் தொட்டிப் பக்கமே வருவதில்லையே.

நேதா இதையெல்லாம் கேட்டது மாதிரியே தெரியவில்லை. குளிர்விப்பான் குழாயில் சாய்ந்து நின்ற ஸ்பாஸைப் பார்த்து, "சுடுதாடா?" என்றாள்.

"சுடல, குளிரல. மாமனார் வீட்டுல எனக்குக் குடுக்கிற பீர் மாதிரி இருக்கு."

கர்ஜிலோவ் அவசரமாக அவர்களை முற்றத்துக்கு நகர்த்தினார். அங்கே அன்னபேதிக் குவியல். நேதா குடை முனையால் அதைக் குத்தினாள். மேலே துருப் பழுப்பு. ஒரு முழம் குடைந்தாள், அங்கேயும் பழுப்பு. புதிதாக விழும் உப்பு புல்லைப் போலப் பச்சையாக இருக்கும். வாரக்கணக்கில் காற்றுப் பட்டால்தான் இப்படி ஆகும். தினமும் ஓடுகிற ஆலையில் இன்றைய உப்பு எங்கே என்று அவள் கேட்கவில்லை. வடிகால் வால்வைக் காட்டச் சொன்னாள்.

வரிசையாக ஆறு வால்வுகள். ஆற்றுக்குப் போகிறது மூன்றாவது மட்டும்; அதில் பளபளவென்று புதுப் பூட்டு.

"இதுல இருந்த பழைய பூட்டை வெட்டித் திறந்திருந்ததா ரிப்போர்ட்ல இருக்கு" என்றாள் நேதா.

"ஆமா. ரங்கெல் ஜனவரியில இருந்து தன் சொந்தப் பூட்டைப் போட்டு வச்சிருந்தான். கம்பெனி சொத்துல. போதையில சாவியைத் தொலைச்சிருப்பான், வெட்டியிருக்கான். இதுல என்ன புதிர் இருக்கு?"

"திறந்துவிடணும்னு நினைக்கிறவன் எதுக்கு சார் பூட்டு போடறான்?"

கர்ஜிலோவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கூட்டம் இருப்பதாகச் சொன்னார்.

காரில் ஏறியதும் ஸ்பாஸ் கணக்குப் போட்டான். குழாய் குளிரவில்லை, உப்பும் பழசு; ரங்கெல் பூட்டுப் போட்ட ஜனவரியிலேயே குளிர்விக்கிற இயந்திரம் செத்திருக்கிறது. ஆனால் கம்பி ஆலையிலிருந்து திராவகம் வந்துகொண்டே இருக்கிறது. தொட்டிகள் கழுத்து மட்டும் நிரம்பினதும், ஊர் குடித்துக் கிடக்கிற நாளாகப் பார்த்து யாரோ ஆற்றில் விட்டிருக்கிறார்கள். கர்ஜிலோவின் சுருக்கமில்லாத கோட்டைச் சுருக்கிப் பார்க்க இது போதும் என்றான்.

"அந்த ஆளு கையால எதையும் செய்யமாட்டான்" என்றாள் நேதா. "சொன்னவன் அவன். வெட்டினவன் யாரு? அதான் கேள்வி. இன்னொன்னும் இருக்கு. மோட்டார் சும்மா ஓடுது. தொட்டி மறுபடி ரொம்பிட்டு இருக்கு."

நாளைக்கு நாற்பதாம் நாள் மட்டுமல்ல, மாதா திருநாளும்கூட. ஊரே கோயிலில் இருக்கும். ஸ்பாஸுக்கு அது அப்போதுதான் உறைத்தது. மறுபடி ஆற்றில் விட அதைவிடத் தோதான நாள் கிடையாது. ஸ்லாத்காவின் வீட்டுக்கு வண்டியை விரட்டினான்.

ஸ்லாத்கா சமையலறையில் கோதுமை அவித்துக்கொண்டிருந்தாள். பெரிய பாத்திரம். எத்தனை பேருக்கு என்று கேட்க ஸ்பாஸுக்கு மனசு வரவில்லை. நேதா கேட்டது ரங்கெலின் உடுப்போடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையை. ஸ்லாத்கா அலமாரியின் அடித்தட்டிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர். கம்பளிக் கால்சட்டை. இரண்டும் முழுசாக இருந்தன. ஓர் இழை அறுபடவில்லை. ரங்கெலைப் பெட்டியை மூடித்தான் புதைத்தார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை என்று ஊரில் பேச்சு. ஆளைத் தின்ற திராவகம் அவர் உடுப்பை அப்படியே விட்டுவைத்திருந்தது. ஸ்பாஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நேதா கால்சட்டைப் பையில் கை விட்டாள். இரும்புச் சாவி ஒன்று வந்தது.

"இது எதோட சாவி?"

"வால்வுப் பூட்டோடது. ராத்திரி தலையணைக்கு அடியில வச்சுக்குவாரு" என்றாள் ஸ்லாத்கா, திரும்பாமலே. "எங்கிட்டகூடக் குடுக்கமாட்டாரு. குடிச்சே பதினோரு வருஷம் ஆச்சு மேடம் அவரு. அந்தப் பாட்டில் எங்க வீட்டுது இல்ல."

சாவியைப் பையில் வைத்துக்கொண்டு எவனும் பூட்டை வெட்டமாட்டான். அப்படியானால் திருநாளன்று அங்கே இன்னொருத்தன் இருந்தான். அவன் வெட்டித் திறந்தான். ரங்கெல் மூட ஓடினார். ஓடின இடத்தில் குழியின் மூடி திறந்து கிடந்தது. இவ்வளவையும் நேதா சத்தமாகவே சொன்னாள். ஸ்லாத்கா கரண்டியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். புருஷன் குற்றமற்றவன் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவள் முகத்தில் ஒரு வெளிச்சமும் இல்லையே என்று ஸ்பாஸுக்குத் தோன்றியது.

ஜன்னலுக்கு வெளியே கொடியில் துணி காய்ந்தது. நடுவில், கண்ணில் படுகிற மாதிரி, ஒரு நீலக் கால்சட்டை. வலது தொடையிலும் முழங்காலிலும் பைப் பக்கத்திலும் சின்னச் சின்னதாக ஒட்டுகள்.

ஸ்லாத்கா ஜன்னலை எட்டிப் பார்த்தாள். "தம்பியோடது" என்றாள். "பூச்சி அரிச்சிருச்சு. ஒட்டுப் போட்டுக் குடுத்தேன்."

"எங்க வீட்டுப் பூச்சிக்குக் கொழுப்பு ஜாஸ்தி ஸ்லாத்காக்கா" என்றான் ஸ்பாஸ், அந்த அறையின் கனத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று. "கம்பளி, பட்டு மட்டும்தான் தின்னும். பருத்தியை மோந்துகூடப் பாக்காது. உங்க வீட்டுப் பூச்சி..."

பாதியில் நிறுத்திவிட்டான்.

மேஜைமேல் ரங்கெலின் கம்பளி ஸ்வெட்டர் முழுசாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அந்த அலமாரியில் இருந்தது, ஒரு பூச்சி தொடவில்லை. கொடியில் பருத்தி சல்லடையாகக் கிடந்தது. பூச்சி கம்பளியைத் தின்னும், பருத்தியை விடும். பருத்தியைத் தின்று கம்பளியை விடுகிறது எது என்பதைக் காலையில்தான் கர்ஜிலோவ் அலுப்போடு சொல்லியிருந்தார். தொட்டிப் பக்கமே போகாத டிரைவரின் கால்சட்டையில் அது எப்படி வந்தது என்று கேட்கத் தேவையே இல்லை. தொட்டிக்காரனாக இருந்தால் கம்பளி போட்டுக்கொண்டு போயிருப்பான், ஒரு தடயமும் இருந்திருக்காது. டிரைவருக்கு அந்த விவரம் எங்கே தெரியும்? தெறித்த அன்றைக்குத் துணி நன்றாகத்தான் இருந்திருக்கும். சோப்பும் தண்ணீரும் பட்டபிறகுதான் காட்டிக் கொடுத்திருக்கிறது.

தன் ஜோக் இப்படிப் போய் விழுந்ததற்காக ஸ்பாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். இந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? புருஷன் போனான். மிச்சம் இருக்கிறது ஒரே தம்பி. அவன்தான் தினமும் தெருத் தெருவாக அத்தானை ஒட்டுகிறான்.

நேதா நாற்காலியை இழுத்து ஸ்லாத்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இருபது வருஷமாத் திராவகக்காரரோட துணியத் துவைச்சிருக்கீங்க" என்றாள் மெதுவாக. "பூச்சி ஓட்டை எது, திராவக ஓட்டை எதுன்னு உங்களுக்கா தெரியாது?"

கரண்டி நின்றது.

"இருபத்திரண்டு வருஷம்" என்றாள் ஸ்லாத்கா. "துணிய முறுக்கிப் பிழியறேன், கையோட வருது. அடக்கம் முடிஞ்சு அஞ்சாம் நாளு. அப்பவே தெரியும் மேடம்."

ஸ்பாஸ் அவளையே பார்த்தான். தெரிந்தே ஊசியில் நூல் கோத்து, ஒவ்வொரு ஓட்டையாக ஒட்டுப் போட்டிருக்கிறாள். தெரிந்தே அவனுக்குத் தட்டில் சோறு வைத்திருக்கிறாள்.

"அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டான். கேட்டபிறகு கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

"அவனுக்கு மூணு வயசு, எங்கம்மா போனப்ப. நான்தான் வளத்தேன். என் வாயால எப்படிச் சொல்லுவேன்? நீங்களாக் கண்டுபிடிச்சிட்டா நல்லதுன்னு நெனச்சேன். கண்டுபிடிக்காட்டியும் நல்லதுன்னு நெனச்சேன்." சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "பொறுத்துட்டுத்தான் இருந்தேன். நாலு நாளைக்கு முன்னால அவனுக்கு மறுபடி ஆலையில இருந்து போன் வந்துச்சு. கொல்லையில நின்னு பேசினான். மாதா திருநாளு, பூசை நேரம்னு காதுல விழுந்துச்சு. மறுநாள் காலையில உங்ககிட்ட வந்தேன். இன்னிக்கு அந்தக் கால்சட்டைய மறுபடி நனைச்சு நடுக்கொடியில போட்டேன்."

நேதா எழுந்து கூடத்துக்குப் போய் மாவட்ட அரசு வழக்கறிஞருக்குப் போன் செய்தாள். உள்ளூர் போலீஸைக் கூப்பிடவில்லை. பழைய பழக்கத்தில் இரண்டே நிமிஷத்தில் முடித்தாள்: எந்த ஆலை, எந்த வால்வு, எத்தனை தொட்டி, யார் சொல்லி நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் வாசலைச் சீல் வைக்கிறோம் என்று பதில் வந்தது. கர்ஜிலோவ் வாயைத் திறக்க மாட்டார், கையோடு ஒரு சாட்சி வேண்டும் என்றும் சொன்னார்கள்.

சாட்சி அப்போதுதான் வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். காலி வாளியைப் படியில் வைத்தான். பதினேழு இடத்தில் ஒட்டினேன் அக்கா என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன், மேஜைமேல் இருந்த ஸ்வெட்டரையும் சாவியையும் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனிடம் எதையும் தோண்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது நாளாக உள்ளே கிடந்தது தானாகவே கொட்டியது. திராவகத்தை வாங்காவிட்டால் கம்பி ஆலை நின்றுவிடும், நானூறு குடும்பம் தெருவுக்கு வரும் என்றாராம் கர்ஜிலோவ். ஆற்றில் பனித் தண்ணீர் நிறைய ஓடுகிறது, கலந்து போய்விடும், பூனைக்குக்கூட ஒன்றும் ஆகாது என்றாராம். ரங்கெல் அன்றைக்குத் திருநாள் விருந்துக்குப் போயிருப்பார் என்றாராம். ஆனால் ரங்கெல் எங்கேயும் போகவில்லை. வெட்டின சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். பாட்டிலை வைத்தது யாரென்று தனக்குத் தெரியாது, அது பிறகு வந்தது என்று மெத்தோடி சத்தியம் செய்தான். நேதா அதை நம்பினாள் என்று ஸ்பாஸுக்குத் தோன்றியது.

ஸ்லாத்கா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். விழுந்தப்புறம் உன்னக் கூப்பிட்டாரா?"

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

"சொல்லுடா."

"கூப்பிட்டாரு."

"எப்படிக் கூப்பிட்டாரு?"

"பேர் சொல்லி. கையக் குடு மெத்தோன்னு. வலி தாங்காம கத்தறாரு. எனக்குப் பயம் அக்கா. கை நீட்டினா நானும் உள்ள போயிடுவேன்னு பயம். நின்னுட்டே இருந்தேன். அப்புறம் கூப்பிடல. அப்புறந்தான் போனேன்."

ஸ்லாத்கா அழவில்லை. தம்பியின் தலையைப் பார்த்தாள். ஸ்பாஸ் அந்த அறையில் இருக்கவே வெட்கப்பட்டான். அவள் அவனை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான், துரத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடினாள்.

"மொதல்ல அந்த வக்கீல்கிட்ட சொல்லு. அப்புறம் நாளைக்குக் கல்லறையில, எல்லார் முன்னாடியும் சொல்லு. தோல்னாவுல இருந்து அந்தக் கை வெந்த பொண்ணையும் வரச் சொல்லுவேன். அவ முன்னாடியும் சொல்லணும்."

"என்னைக் கொன்னுடுவாங்க அக்கா."

"தெரியும்." அவன் தோளுக்குக் கீழே கை கொடுத்து, பாரம் தாங்காமல் இரண்டு தடவை தடுமாறி, எழுப்பி நிறுத்தினாள். "பக்கத்துல நான் நிப்பேன். முதல் கல்லு எம்மேல விழட்டும்."

நேதா தலையால் சாடை காட்டினாள். ஸ்பாஸ் காரின் பின் கதவைத் திறந்துவிடப் போனான்.